பாலத்தில் திரும்பிவிடும் வண்டி

அந்த வகுப்பறைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. தரை முழுக்க நாடு விரிந்து கிடக்கும், அதுதான் காரணம்.

நாலைந்து பழைய படுக்கை விரிப்புகளை ஒன்றாகத் தைத்து, சாயம் தீட்டி, டீச்சர் தன் கையாலேயே செய்த வரைபடம் அது. நீல நூல் ஆறு. சிவப்பு நூல் சாலை. உள்ளே பஞ்சு திணித்துத் தூக்கிவிட்ட இடமெல்லாம் மலை. அதன்மேல் சோடா மூடி ஒன்று ஊர்ந்து போகும். அதுதான் வண்டி.

"ஏய், மலைமேல உக்காராதே!"

"ஆத்துக்குள்ள சாப்பாட்டுப் பையை வெச்சது யாரு?"

பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரிப்பார். "என்ன டீச்சர், உங்க பிள்ளைங்க பாடம் படிக்குதுங்களா, டிக்கெட் போடுதுங்களா?"

"ரெண்டும்தான் சார். உங்களுக்கும் ஜன்னலோர சீட் போட்டு வைக்கவா?"

அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வண்டி டீச்சர் என்று பெயர். சரித்திரத்தையும் பூகோளத்தையும் புத்தகத்தில் இருக்கிற வரிசைப்படி அவள் நடத்துவதில்லை. வருஷத் தொடக்கத்தில் வகுப்பே சேர்ந்து ஒரு பயணத்துக்குத் திட்டம் போடும். பள்ளிக்கூட வாசலில் கிளம்பி, வருஷக் கடைசியில் திரும்பி வர வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. சோடா மூடி ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் டீச்சர் கேட்பாள்: "இந்த ஊர் ஏன் இங்கே இருக்கு?" பதில் தெரியாவிட்டால் வகுப்பே ஒரே குரலில் "பங்க்சர்!" என்று கத்தும். பதில் வரும்வரை வண்டி நகராது.

"ஏன்னா மிஸ், இங்கே ஆத்துல ஆழம் கம்மி. வண்டி இறங்கிக் கடக்கலாம். ஆனா வெள்ளம் வந்தா வடியற வரைக்கும் காத்திருக்கணும். காத்திருந்தா பசிக்கும். அதனால சோத்துக்கடை வந்துச்சு. அப்புறம் லாடம் கட்டறவர் வந்தார். இவ்வளவு பேர் சேர்ந்ததைப் பார்த்துட்டு வரி வாங்க ராஜாவோட ஆளு வந்துட்டான்."

"போகலாம் ரைட்!" என்பாள் டீச்சர். வண்டி நகரும்.

இப்படிப் படித்த பிள்ளைகள் தேர்வில் என்ன எழுதினார்களோ, பெரியவர்களான பிறகும் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்து, 'இந்த ஊர் ஏன் இங்கே இருக்கு?' என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுத் தொல்லை கொடுத்தார்கள். அவள் வாங்கிய ஒரே விருது அதுதான்.

அந்த வருஷம் இரண்டு புதுமைகள். ஒன்று, நிஜமாகவே வேன் வைத்துப் போய்வரலாம் என்று தலைமையாசிரியை அனுமதி கொடுத்துவிட்டார். இன்னொன்று, டீச்சரின் சொந்த மகளே அந்த வகுப்புக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் அவள் குட்டி. பள்ளிக்கூடத்தில் வக்கீல். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பாள், பாதியில் விடமாட்டாள். கேட் வரைக்கும் 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டு வருபவள், உள்ளே கால் வைத்ததும் 'மிஸ்' என்பாள். ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை.

திட்டம் போடும் நாள் வந்தது. மலையில் பிறக்கும் ஆற்றைப் பிடித்துக்கொண்டே கீழே போவது என்று முடிவாயிற்று. பெரிய பாலம் வரை எல்லாம் சுமுகம். பாலத்துக்கு வந்ததும் டீச்சர் வழக்கம்போல் சிவப்பு நூலை இடது பக்கம் திருப்பி, கோட்டை மலைக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். ஆறு நேராகக் கடலுக்குப் போகும். வண்டி மட்டும் பாலத்தோடு திரும்பிவிடும்.

"மிஸ், ஒரு சந்தேகம்," வக்கீல் எழுந்து நின்றாள். "மலையில வெட்டின மரத்தை எல்லாம் ஆத்துல மிதக்க விட்டாங்கன்னு சொன்னீங்க. அது எங்கே போச்சு?"

"கடலுக்கு."

"கடல்ல என்ன ஆச்சு?"

"கப்பல் கட்டினாங்க."

"அப்போ ஆறு கடல்ல சேர்ற இடத்துல ஒரு துறைமுகம் இருக்கணுமே மிஸ். இருக்கு, இதோ. அங்கே போகாம நாம ஏன் இங்கே திரும்பறோம்? கதை பாதியில நிக்குதே?"

வகுப்பு முழுக்க "ஆமா மிஸ்!" என்றது.

டீச்சரின் விரல் நூலின்மேல் அப்படியே நின்றது. ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, சாலை ஏன் திரும்புகிறது என்பதற்குப் பதில் இல்லை.

"ரோடு மோசம்," என்றாள். "வேன் போகாது."

அதற்குள் குண்டூசி என்கிற பெண் வெளியே ஓடியிருந்தாள். ஊர்களைக் குத்திவைக்கும் ஊசி டப்பா அவள் பொறுப்பு. ஆளும் ஊசி மாதிரிதான், எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள். கேட்டருகே நின்றிருந்த வேன் டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அந்த ரோடா?" டிரைவர் தலையைச் சொறிந்தார். "வெண்ணெய் மாதிரி இருக்குமே டீச்சர்! கண்ணை மூடிட்டு ஓட்டலாம். யார் சொன்னது மோசம்னு?"

வகுப்பு ஒரே குரலில் கத்தியது: "மிஸ்ஸுக்குப் பங்க்சர்!"

டீச்சரின் முகம் செத்துவிட்டது. அடுத்த நொடி, இத்தனை வருஷத்தில் அந்த அறை கேட்டிராத ஒரு குரல் அவளிடமிருந்து கிளம்பியது.

"உன்னை யாருடி போய்க் கேக்கச் சொன்னது? அதிகப்பிரசங்கி! போ வெளியே!"

குண்டூசி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, உதடு துடிக்கத் துடிக்க வெளியே போனாள். செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட மறந்துவிட்டாள். வக்கீல் மட்டும் உட்காரவில்லை. தாயைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எந்தச் சாலைதான் காரணமில்லாமல் திரும்புகிறது? இந்தச் சாலைக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தத் துறைமுகத்தில் வக்கீலின் அப்பா இருந்தார்.

அவர் இழுவைப் படகு ஓட்டுபவர். பெரிய கப்பல்களால் துறைமுகத்துக்குள் தாமாக வர முடியாது. சின்னப் படகு ஒன்று போய் வடத்தைக் கட்டி, கையைப் பிடித்து அழைத்து வருகிற மாதிரி இழுத்து வர வேண்டும். கப்பல் வருகிற நேரம் யார் கையிலும் இல்லை. சோற்றில் கை வைக்கும்போது அழைப்பு வரும். குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது வரும். ஒரு நாள் டீச்சர் பொறுக்க மாட்டாமல் கேட்டாள், "உங்களுக்கு நான் வேணுமா, படகு வேணுமா?" அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, எரிச்சலில், "படகுதான், போ!" என்றார்.

அவ்வளவுதான். கோபத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்கிறார்கள். அவள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். நடை பழகிக்கொண்டிருந்த குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே வந்துவிட்டாள். அவர் வந்து கெஞ்சினார். கதவைத் திறக்கவில்லை. மறுபடி வந்தார். அப்போது கதவைத் திறந்து, உள்ளே விடாமல், முதல் பொய்யைச் சொன்னாள்.

"குட்டி உங்களைக் கேக்கறதே இல்லை. உங்க பேச்சை எடுத்தாலே மிரண்டு அழுதுடறா. கொஞ்ச நாள் விட்டுடுங்க."

கொஞ்ச நாள் என்பது வருஷங்களாகிப் போனது. அவரும் மகள் மிரண்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கியே இருந்துவிட்டார்.

ஆனால் குட்டி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பால் குடிக்கும்போது, தலை பின்னும்போது, மழை பெய்யும்போது, "அப்பா எங்கேம்மா?" என்று கேட்பாள். அப்போது இரண்டாவது பொய் பிறந்தது. "அப்பா கப்பல்ல இருக்கார்டா கண்ணு. கடலுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து வர முடியாது." சமாதானத்துக்கு ஒரு போட்டோவையும் கொடுத்தாள். படகின் முன்னால் நின்று அப்பா சிரிக்கிற போட்டோ. குட்டி அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். தூங்கும் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் தாய் போர்வையைச் சரிசெய்வாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். நாளைக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

குண்டூசியைத் துரத்திய அன்று மாலை, சமையலறையில் அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். குட்டி வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, பூகோளத்துல ஒரு சந்தேகம்."

"கேளு."

"சுத்தி டயர் கட்டின படகு கடலைத் தாண்டுமா?"

கத்தி வழுக்கி விரலில் பட்டது. அம்மா விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தாண்டாது இல்ல?" குட்டி அமைதியாகவே பேசினாள். "லைப்ரரி புத்தகத்துல பார்த்தேன். அது இழுவைப் படகு. துறைமுகத்தை விட்டே போகாதாம். டயர் எதுக்குன்னா, கப்பல்மேல இடிச்சா அடிபடாம இருக்கறதுக்கு. அப்பா போட்டோல இருக்கறது அதுதான். மேப் பார்க்கற லென்ஸை வெச்சுப் பார்த்தேன். படகு நெத்தியில ஊர் பேர்கூட எழுதியிருக்கு."

"குட்டி..."

"போன மாசமே தெரியும்மா. நீயே சொல்வேன்னு இருந்தேன். ரூட்டை அந்த ஊருக்குப் போட்டா நீ சொல்லித்தானே ஆகணும்? அதனாலதான் கிளாஸ்ல கேட்டேன். நீ ரோடு மோசம்னுட்டே."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். குட்டி திடீரென்று குழந்தையாகிவிட்டாள். அவள் முகவாய் நடுங்கியது.

"எனக்குப் புரிஞ்சுடுச்சும்மா. அவர் பக்கத்துலயேதான் இருக்கார். இருந்தும் வரல. அப்படின்னா அவருக்கு என்னைப் பிடிக்கல. அதை என்கிட்ட சொன்னா நான் அழுவேன்னுதானே நீ கடலுக்கு அந்தப் பக்கம்னு சொன்னே? எனக்காகத்தானே பொய் சொன்னே?"

வாசகர்களே, அந்தத் தாயின் முன்னால் அப்போது ஒரு கதவு திறந்தது! மகளே திறந்துவிட்ட கதவு. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நல்ல அம்மாவாகவே இருந்துவிடலாம். குற்றம் முழுவதும் எங்கோ ஒரு துறைமுகத்தில், உப்புக்காற்றில் நிற்கிற ஒரு மனிதர்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவள் தலையசைக்கவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சில அணைப்புகள் பதில் சொல்லாமல் தப்பிக்க உதவுகின்றன. குட்டியின் கண்ணீர் அவள் புடவையை நனைத்தது. அது நெருப்பாகச் சுட்டது.

மறுநாள் வகுப்பில் வக்கீல் எழுந்தாள். "மிஸ், துறைமுகம் வேண்டாம். நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன். கோட்டைக்கே போகலாம்."

"ஏய், நேத்து நீதானே குதிச்சே?" என்றார்கள் பிள்ளைகள்.

"அங்கே பார்க்க ஒண்ணும் இல்லை," என்றாள் வக்கீல்.

எந்தப் பதிலை டீச்சர் இத்தனை வருஷம் விரும்பினாளோ, அதையே மகள் சொல்லிவிட்டாள். நூல் இடது பக்கம் திரும்பியது. குண்டூசி, கூப்பிட்டும் முன்வரிசைக்கு வராமல், தூரத்திலிருந்தே டப்பாவை நகர்த்திக் கொடுத்தாள்.

அதன் பிறகு குட்டி எதிர்க்கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் சொன்னதை எழுதினாள். வீட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். "பால் ஆறிடுச்சே, சூடு பண்ணித் தரவா?" என்றால், "பரவாயில்லைம்மா." "தலை பின்னட்டுமா?" என்றால், "நானே பின்னிக்கிட்டேன்மா." ஒரு நாள் விரிப்பை உதறும்போது தலையணைக்கடியில் போட்டோ இல்லை. அம்மா வீடு முழுக்கத் தேடினாள். பழைய துணி போடும் பையில், கிழிந்த பாவாடைக்கு அடியில் அது கிடந்தது. கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அம்மா வாய்விட்டு அழுதாள். அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரை குட்டிக்கு ஓர் அப்பா இருந்தார். உண்மை பாதி தெரிந்ததும் அந்த அப்பாவும் செத்துப் போனார். கொன்றது யார்?

மறுநாள் மதிய இடைவேளையில், வரைபடம் சுருட்டி வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் குட்டியின் அப்பா நம்பருக்குப் போன் செய்தாள். எடுத்தவுடன் அவர் கேட்ட முதல் வார்த்தை:

"குட்டிக்கு என்ன ஆச்சு?"

"அவ நல்லா இருக்கா." அவள் சுருட்டிய வரைபடத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்... நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"அவ உங்களைக் கேக்கறதில்லைன்னு சொன்னது. மிரண்டு அழுதான்னு சொன்னது. அவ கேக்காத நாளே இல்லைங்க."

அந்தப் பக்கத்தில் ஒரு கப்பலின் சங்கு மட்டும் நீளமாக ஊதி ஓய்ந்தது.

"அவ பிறந்த நாளைக்கு உங்க ஸ்கூல் கேட்டுக்கு எதிர்ல வந்து நின்னிருக்கேன்," என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு ஓடி வந்தா. கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன். மிரண்டுடுவாளேன்னு மூடிக்கிட்டுத் திரும்பிட்டேன். அதுவும் ஒரு பொய்யை நம்பியா?"

"ஆமா."

"திட்டக்கூட வரலடி எனக்கு."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் வர்றோம். நீங்க படகைப் பத்திச் சொல்லுவீங்களா?"

"அவ வருவாளா?"

"இனிமேதான் அவகிட்ட உண்மையைச் சொல்லணும்," என்றாள்.

அன்று மாலையே சொன்னாள். குட்டி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா எதிரில் உட்கார்ந்து, எதையும் மென்று விழுங்காமல், படகா நானா என்று கேட்டதிலிருந்து பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரில் நின்றவர் வரை எல்லாவற்றையும் சொன்னாள். "அவருக்கு உன்னைப் பிடிக்காம இல்லைடா. அவரை வர விடாம வெச்சது நான். உனக்காகப் பொய் சொல்லலை. எனக்காகச் சொன்னேன்."

குட்டி ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கு நான் அழுதேனே," என்றாள் கடைசியில். "அப்பகூடச் சொல்லலையே நீ. கட்டிப் பிடிச்சுக்கிட்டியே."

அம்மா எடுத்த பாவாடையைக் குட்டி வாங்கித் தானே மடித்தாள்.

"குண்டூசிகிட்ட மன்னிப்பு கேட்டியா?"

"இல்லை."

"முதல்ல அதைக் கேளு," என்றுவிட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் வகுப்பின் முன்னால் டீச்சர் மன்னிப்புக் கேட்டாள். "ரோடு மோசமில்லை. நான் பொய் சொன்னேன். உண்மையைக் கண்டுபிடிச்சவளை வெளியே அனுப்பினேன்." குண்டூசி வெட்கத்தில் நெளிந்து, "பரவாயில்ல மிஸ், எனக்கு வெளியே மாங்காய் கிடைச்சுது," என்றாள். வகுப்பு சிரித்தது. பிறகு குண்டூசியே நூலைப் பிரித்து, பாலத்தைத் தாண்டி, ஆற்றோடு நேராகக் கடல்வரை ஓட்டினாள். வக்கீல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லீவு விட்டதும் வந்த பயண நாளன்று பிள்ளைகள் ஊருக்கு ஊர் கூச்சல் போட்டுக்கொண்டே வந்தார்கள். துறைமுக வாசலில் அவர் நின்றிருந்தார். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. காதோரம் நரைத்துவிட்டது. வேனிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெண் குழந்தையின் முகத்தையும் அவர் தேடிய தேடலைப் பார்க்க முடியாமல் டீச்சர் திரும்பிக்கொண்டாள்.

அவர் படகைக் காட்டினார், வடத்தைக் காட்டினார். "இத்தனூண்டு படகு அவ்வளவு பெரிய கப்பலை எப்படி இழுக்கும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "அவசரப்படாம இழுக்கணும். வெடுக்குன்னு இழுத்தா வடம் அறுந்துடும்," என்றார்.

பின்வரிசையிலிருந்து வக்கீல் கை தூக்கினாள். அவர் பேச்சு நின்றுவிட்டது.

"சார்," என்றாள். அந்தச் சொல்லில் அவர் முகம் சுருங்கியது. "ஸ்கூல் கேட்டுக்கு எதிர்ல நின்னீங்களே. எந்தப் பக்கம் நின்னீங்க?"

"பேப்பர் கடைப் பக்கம்மா."

"நான் பார்த்தேன்," என்றாள் குட்டி. "ஒருத்தர் அழறாரேன்னு பார்த்தேன். நீங்கன்னு தெரியல. தெரிஞ்சிருந்தா ரோட்டைத் தாண்டி வந்திருப்பேன்."

கேட்ட கேள்வியோடு அவள் நிற்கவில்லை. பிள்ளைகளை விலக்கிக்கொண்டு நடந்தாள். கடைசி நாலு எட்டு ஓட்டமாகிவிட்டது. அந்தப் புதுச் சட்டை கசங்கியே போனது. பிள்ளைகள் ஒன்றும் புரியாமலே கை தட்டினார்கள். டீச்சர் மட்டும் கை தட்டவில்லை. அந்த நிமிஷத்தை இத்தனை வருஷம் இருவரிடமிருந்தும் திருடி வைத்திருந்தவளுக்கு அதைக் கொண்டாட எங்கே உரிமை?

கிளம்பும் நேரம் குட்டி தனியே வந்தாள்.

"அம்மா, லீவு முடியற வரைக்கும் அப்பாகிட்ட இருக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல நெஞ்சு துடித்தது. "இரு," என்றாள்.

"உன்மேல எனக்குக் கோபம்மா. எப்பப் போகும்னு தெரியல."

"போகும்போது போகட்டும்."

"ஆனா போன் பண்ணுவேன்," என்றுவிட்டுக் குட்டி திரும்பிப் பார்க்காமல் படகை நோக்கி ஓடினாள்.

வேன் புறப்பட்டது. பிள்ளைகள் களைத்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தலைகளை எண்ணினார்.

"டீச்சர், ஒரு ஆள் குறையுதே!"

"குறையலை அண்ணே," என்றாள் டீச்சர், பக்கத்து இருக்கையில் கையை ஊன்றிக்கொண்டு. "அவ அவங்க அப்பாகிட்ட இருக்கா. நீங்க ஓட்டுங்க."